தானாக மாறும் கியர்

சித்தூரில் வாடகைக் கார் ஓட்டுகிறார் அவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அம்பாசடர், ஜீப், மாங்காய் லாரி என்று எல்லாம் ஓட்டிப் பழகிய கை. திருமலைக்கு எத்தனை முறை போயிருப்பார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது.

முதலாளி ஒரு புதுக் கார் வாங்கினார். அதில் கிளட்ச் இல்லை. காலுக்கு இரண்டே மிதிகள். ஒன்று பிரேக். இன்னொன்று ஆக்சிலேட்டர்.

"கியர் தானாவே மாறிக்கும். நீ ஸ்டியரிங்கைப் பிடிச்சா போதும்" என்றார் முதலாளி.

முதல் சவாரியே திருமலைக்கு அமைந்தது. சித்தூரிலிருந்து திருப்பதி ஏறக்குறைய 70 கிலோமீட்டர். சந்திரகிரி வரை வண்டி பட்டுப் போல ஓடியது. அலிபிரியில் சோதனை முடிந்து மலை ஏறியபோதும் ஒரு குறையும் இல்லை. டிரைவருக்கு மனம் குளிர்ந்தது.

இறங்கும்போதுதான் வினை வந்தது. கியர் கம்பி 'டி'யில் இருந்தது. அதை அவர் தொடவில்லை. வண்டி தானாக வேகம் எடுத்தது. பிரேக்கை மிதித்தார். விட்டதும் மறுபடி வேகம். மறுபடி மிதித்தார். பாதி வழியில் கருகிய நாற்றம் அடித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பாட்டி, "என்னமோ தீயுதுப்பா" என்றார். அடுத்த வளைவில் பிரேக் மிதி வழக்கத்தைவிடக் கீழே போனது. அகலமான இடம் பார்த்து, எப்படியோ ஓரம் கட்டினார். சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனால் அடுப்பு போல் அனல் வீசியது. நன்றாக ஆறிய பிறகுதான் வண்டியை எடுத்தார். ஐந்து உயிர்கள் அந்த வண்டியில் இருந்தன.

மறுநாள் காலை அவர் முதலாளி வீட்டுக்குப் போகவில்லை. திருப்பதிக்குப் போனார். அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் அவருடைய அக்கா மகள் வேலை செய்கிறாள். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்தவள்.

"சாவியைத் திருப்பிக் குடுத்துடலாம்னு இருக்கேம்மா. இந்த வண்டி எனக்கு ஒத்து வராது. அதுக்குப் புத்தி இல்லை."

"புத்தி இருக்கு மாமா. கண்ணுதான் இல்லை. உட்காருங்க, சொல்றேன்."

படி ஏறுவதும் கியரும்

முதலில் கியர் எதற்கு? அலிபிரி நடைபாதையில் 3,550 படிகள். ஒவ்வொரு படியாக ஏறுகிறவர் மெதுவாகத்தான் போவார். ஆனால் ஏறிவிடுவார். இரண்டு படி, மூன்று படி என்று தாண்டி ஏறுகிறவர் சிறிது தூரத்திலேயே உட்கார்ந்துவிடுவார். சமதரையில் எட்டி நடை போடலாம். ஏற்றத்தில் சிற்றடிதான் வைக்க வேண்டும்.

இன்ஜினுக்கும் அப்படித்தான். முதல் கியர் என்பது சிற்றடி. இன்ஜின் பல சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். பலம் அதிகம், வேகம் குறைவு. மேல் கியர் என்பது எட்டு நடை. வேகம் அதிகம், பலம் குறைவு. எந்த அடி எப்போது என்பதைப் பழைய வண்டியில் டிரைவரின் கையும் இடது காலும் முடிவு செய்தன.

இந்தப் புது வண்டியில் கிளட்ச் மிதி இல்லையே, அந்த வேலையை யார் செய்கிறார்கள்? இதைக் காட்டுவதற்காக அவள் இரண்டு மேஜை மின்விசிறிகளை எதிரெதிராக வைத்தாள். ஒன்றை மட்டும் ஓட விட்டாள். மற்றதற்கு மின்சாரமே கொடுக்கவில்லை. ஆனால் எதிர்க்காற்றில் அதுவும் மெல்லச் சுற்றத் தொடங்கியது.

டிரைவர் சிரித்துவிட்டார். "அட! ஒண்ணை ஒண்ணு தொடவே இல்லையே!"

கியர் பெட்டிக்கு முன்னால் இப்படி இரண்டு சக்கரங்கள் முகத்தோடு முகம் பார்த்து இருக்கின்றன. நடுவில் காற்றுக்குப் பதில் எண்ணெய். இன்ஜின் ஒரு சக்கரத்தைச் சுற்றும். அது எண்ணெயை வீசி அடிக்கும். அந்த வீச்சில் மற்ற சக்கரம் சுற்றும். வண்டி நிற்கும்போது இன்ஜின் அணைந்து போகாததற்கு இதுவே காரணம். எண்ணெய் வழுக்கிக் கொடுக்கிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானாக ஊர்வதும் இதனால்தான். இதற்கு டார்க் கன்வெர்ட்டர் என்று பெயர்.

அதற்குப் பின்னால் பல்சக்கரங்கள் இருக்கின்றன. நடுவில் ஒரு சக்கரம். அதைச் சுற்றிச் சில சின்னச் சக்கரங்கள். எல்லாவற்றையும் அணைத்தபடி ஒரு பெரிய வளையம். சூரியனும் கோள்களும் போல இருப்பதால் அந்தப் பெயராலேயே சொல்கிறார்கள். இவற்றில் ஒன்றை அசையாமல் பிடித்துக்கொண்டு இன்னொன்றைச் சுற்றினால் மூன்றாவது வேறு வேகத்தில் சுற்றும். பிடிக்கும் ஆளை மாற்றினால் வேகமும் மாறும். அவ்வளவுதான் கியர் மாற்றம். பிடிப்பவை கிளட்ச் தட்டுகள். அவற்றை அழுத்துவது எண்ணெய். ஆகவே எந்த வழியில் எண்ணெயைத் திறந்துவிடுவது, எதை அடைப்பது என்பதே முழு விஷயம்.

1939-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஓல்ட்ஸ்மொபில் கார்களுக்காக இப்படி ஒரு தானியங்கிக் கியரைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் எண்ணெயின் அழுத்தமும் ஸ்பிரிங்கும் சேர்ந்தே கியரைத் தீர்மானித்தன. மின்சாரத்துக்கு அங்கே வேலை இல்லை. பிறகு சின்னக் கம்ப்யூட்டர் வந்தது. 1980களில் அது கார்களுக்குள்ளும் புகுந்தது.

சிக்னல் கேபின் போல ஒரு பெட்டி

ரேணிகுண்டா பெரிய ரயில் ஜங்ஷன். இப்படிப்பட்ட இடங்களில் சிக்னல் கேபின் இருக்கும். அங்கே இருப்பவர் ரயிலை இழுப்பதில்லை, தள்ளுவதில்லை. எந்த வண்டி எங்கே வருகிறது என்று அவருக்குச் செய்தி வரும். எதிரில் கால அட்டவணை இருக்கும். பார்த்து முடிவு செய்வார். தண்டவாளத்தின் பாதையை மாற்றிவிடுவார்.

கார் கியரின் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இதையே செய்கிறது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். இதை டி.சி.எம். என்பார்கள். இதற்குக் கம்பி வழியாகச் செய்தி வரும். செய்தி அனுப்புகிறவற்றுக்கு சென்சார் என்று பெயர். கியர் பெட்டிக்குள் நுழையும் வேகம் என்ன, வெளியே போகும் வேகம் என்ன, டிரைவர் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறார், பிரேக்கில் கால் இருக்கிறதா, கம்பி எந்த எழுத்தில் இருக்கிறது, எண்ணெய் எவ்வளவு சூடு என்பவைதான் அந்தச் செய்திகள்.

வேகத்தை ஒரு கம்பி எப்படி அறியும்? சுற்றும் தண்டில் ஒரு பல்சக்கரம் இருக்கிறது. பக்கத்தில் காந்தம் உள்ள சென்சார். ஒவ்வொரு பல்லும் அதைக் கடக்கும்போது ஒரு மின்துடிப்பு உண்டாகும். பெட்டி அந்தத் துடிப்புகளை எண்ணும். சக்கரத்தில் 40 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நொடியில் 800 துடிப்பு வந்தால், 800-ஐ 40-ஆல் வகுக்க வேண்டும். நொடிக்கு 20 சுற்று. நிமிடத்துக்கு 1,200 சுற்று. நாம் தாளில் போடும் இந்தக் கணக்கைப் பெட்டி கண் சிமிட்டும் நேரத்துக்குள் பல முறை போட்டுவிடும்.

பெட்டியின் நினைவில் ஓர் அட்டவணை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. எந்த வேகத்தில், எவ்வளவு மிதித்தால், எந்தக் கியர் என்று அதில் இருக்கும். உதாரணத்துக்கு, மெல்ல மிதித்தால் 20 கிலோமீட்டர் வேகத்திலேயே இரண்டாம் கியர் விழலாம். அழுத்தி மிதித்தால் 40 வரை முதல் கியரிலேயே இழுக்கலாம். லாரியை முந்துவதற்குத் திடீரென முழுவதும் மிதித்தால், பெட்டி ஒரு கியரைக் குறைத்துப் பலம் கொடுக்கும்.

இதில் ஒரு நல்ல யோசனையும் இருக்கிறது. வேகம் கூடும்போது 40-ல் மூன்றாம் கியர் என்று வைத்தால், வேகம் குறையும்போதும் 40-லேயே இரண்டுக்கு வரக் கூடாது. 30 வரை பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் 39, 41 என்று போகும் வண்டியில் கியர் மாறி மாறி விழும். காற்றில் ஆடும் கதவு போல ஓயாது.

முடிவு எடுத்தாயிற்று. உத்தரவு எப்படிப் போகிறது? வீட்டு வாசலில் 'டிங் டாங்' என்று அடிக்கும் காலிங் பெல்லைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே கம்பிச் சுருள் இருக்கும். பட்டனை அழுத்தினால் சுருள் காந்தம் ஆகும். நடுவில் உள்ள இரும்புத் தண்டு பாய்ந்து போய் அடிக்கும். கியர் பெட்டியிலும் இப்படிச் சுருள்கள் இருக்கின்றன. அங்கே தண்டு மணியை அடிப்பதில்லை. எண்ணெய் வழியைத் திறக்கிறது, மூடுகிறது. இதுவே சோலனாய்டு வால்வு. சில வால்வுகளுக்கு மின்சாரத்தை நொடிக்குப் பல முறை விட்டு விட்டுக் கொடுக்கிறார்கள். பாதி திறந்த குழாய் போல அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. கியர் மாறும் அந்த நொடியில், 'கொஞ்சம் பலத்தைக் குறை' என்று இன்ஜின் பெட்டிக்கும் செய்தி போகும். அதனால்தான் உள்ளே இருப்பவருக்குக் குலுக்கலே தெரிவதில்லை.

சந்தேகம் வந்தால்

பெட்டி உத்தரவு கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை. சரிபார்க்கிறது. உள்ளே 2,000 சுற்று போகிறது, கியர் இரண்டுக்கு ஒன்று என்றால், வெளியே 1,000 சுற்று வர வேண்டும். 800 தான் வருகிறதா? எங்கோ தட்டு வழுக்குகிறது. அல்லது சென்சார் பொய் சொல்கிறது. உடனே விளக்கு எரியும். பெட்டி பத்திரமான ஒரே கியரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். வண்டி மெதுவாக வீடு வந்து சேரும். ஆனால் பிக்கப் இருக்காது.

விளக்கு எரிந்தாலே கியர் பெட்டி முழுவதும் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். பேட்டரி பலவீனமாக இருந்தாலும் எரியும். இணைப்பில் தண்ணீர் புகுந்தாலும், எலி ஒரு கம்பியைக் கடித்தாலும் எரியும். பழுதுக்கு ஒரு குறியீட்டு எண்ணைப் பெட்டியே எழுதி வைத்திருக்கும். ஒர்க்‌ஷாப்பில் ஒரு கருவியை மாட்டி அதைப் படிக்கலாம். அந்த எண்ணைப் பார்க்காமல், "பெட்டியை இறக்கணும், பிரிக்கணும்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளக் கூடாது. இறக்கி ஏற்றும் கூலியே பெரிய தொகை.

வேறொரு வகையும் உண்டு. விலை குறைந்த பல கார்களில் இருப்பது அதுதான். கியர் பெட்டியும் கிளட்சும் பழையபடியே இருக்கும். மின் மோட்டாரோ எண்ணெய் அழுத்தமோ டிரைவருக்குப் பதிலாகக் கிளட்சை அழுத்தும், கியரைத் தள்ளும். ஏ.எம்.டி. என்பார்கள். 2014-ல் வந்த மாருதி செலேரியோ இதை நம் நாட்டில் பரவலாக்கியது. யோசனை மட்டும் பழையது. ஜப்பானின் இசுசு நிறுவனம் 1984-லேயே தன் அஸ்கா காரில் 'நவி-5' என்ற பெயரில் இதைப் போட்டது. அதே இசுசு, 2016-ல் ஸ்ரீ சிட்டியில் தொழிற்சாலை திறந்தது. அப்போது அது சித்தூர் மாவட்டம். 2022-லிருந்து திருப்பதி மாவட்டம். இங்கே தயாரான வி-கிராஸ் வண்டிக்கு 2019-ல் ஆறு கியர் தானியங்கிப் பெட்டியும் வந்தது.

ஏ.எம்.டி. காரை ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி நிறுத்தி வைக்கக் கூடாது. கிளட்ச் தேய்ந்துவிடும். பிரேக்கில் நிறுத்த வேண்டும்.

பெட்டிக்குத் தெரியாத ஒன்று

"எல்லாம் சரிம்மா. இவ்வளவு கணக்குப் போடற பெட்டி, நேத்து ஏன் என்னைக் கைவிட்டுச்சு?"

"உங்க கால் என்ன சொல்லுச்சோ, அதைத்தான் மாமா அது கேட்டுச்சு."

இறக்கத்தில் டிரைவர் ஆக்சிலேட்டரை விட்டுவிடுகிறார். பெட்டி அட்டவணையைப் பார்க்கிறது. மிதி இல்லை, வேகம் மட்டும் இருக்கிறது. 'இவருக்குப் பலம் வேண்டாம்' என்று முடிவு செய்கிறது. மேல் கியரைப் போடுகிறது. சமதரையில் இது மிகச் சரியான முடிவு. எரிபொருள் மிச்சம். ஆனால் முன்னால் இருப்பது இறக்கம், அதற்கப்பால் வளைவு என்று பெட்டி பார்க்கவில்லை. டிரைவர்தான் பார்க்கிறார்.

மேல் கியரில் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது. எவ்வளவு பாரம்? திருமலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து அலிபிரிக்கு ஏறக்குறைய 650 மீட்டர் கீழே இறங்க வேண்டும். காரும் ஐந்து பேரும் சேர்ந்து 1,500 கிலோ. இந்த எடை அந்த உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மீதிச் சூடே ஒரு பெரிய குண்டான் தண்ணீருக்குப் போதும். அவ்வளவையும் நான்கு சக்கரத்தின் பிரேக்குகள் தாங்க வேண்டும். சூடு ஏற ஏறப் பிரேக்கின் பிடிமானம் குறையும். பிரேக் எண்ணெய் கொதித்தால் அதில் குமிழ் உண்டாகும். மிதி பஞ்சு போல் கீழே போகும். அன்று நடக்க இருந்தது அதுதான்.

இதற்கு வழி அந்தக் கம்பியிலேயே இருக்கிறது. 'டி'க்குக் கீழே சில வண்டிகளில் 2 என்றும் எல் என்றும் எழுதியிருக்கும். சிலவற்றில் எம் என்று இருக்கும். எம்-இல் வைத்துக் கழித்தல் குறியின் பக்கம் தட்டினால் ஒவ்வொரு கியராகக் குறையும். எல் என்றால் தாழ்ந்த கியர். அதில் வைத்தால் பெட்டிக்கு, 'இதற்கு மேல் போகாதே' என்ற உத்தரவு. இப்போது சக்கரம் இன்ஜினைச் சுற்ற வேண்டியிருக்கும். இன்ஜின் அதை எதிர்க்கும். வண்டி பிடித்தபடி இறங்கும். மிச்சம் உள்ளதற்கு மட்டும் பிரேக். அதையும் தேய்த்துக்கொண்டே இருக்காமல் ஒரு முறை நன்றாக அழுத்தி, விட்டு, ஆற விட வேண்டும்.

"இன்ஜின் கத்துமே. பெட்ரோல் குடிக்காதா?"

"குடிக்காது மாமா. ஆக்சிலேட்டர்ல கால் இல்லாதப்ப, வண்டி இன்ஜினைச் சுத்தறப்ப, இப்ப வர்ற இன்ஜின் பெட்ரோலையே நிறுத்திடும். அது வெறும் காத்து பம்பு மாதிரி ஓடும்."

"தப்பா எல்-ல போட்டுட்டா உடைஞ்சிடாதா?"

"வேகம் அதிகமா இருந்தா பெட்டி கேக்காது. 'வேகம் குறையட்டும், அப்புறம் போடறேன்'னு காத்திருக்கும். அதுக்காக வேகமா வந்து போடலாம்னு இல்லை. இறங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போட்டுக்கணும்."

சில புதிய வண்டிகளில், மிதிக்காமலே வேகம் ஏறுவதை வைத்து, 'இது இறக்கம்' என்று பெட்டியே ஊகித்துக் கியரைக் குறைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது வேகம் ஏறிய பிறகு வரும் அறிவு. வளைவை அது அப்போதும் பார்ப்பதில்லை.

டிரைவர் தயங்கித் தயங்கி இன்னொன்றைக் கேட்டார். எரிபொருள் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறார்களே, அது?

அவள் திருப்பிக் கேட்டாள். "கரும்பு பாரம் ஏத்தின வண்டி இறக்கத்துல போகுது. வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்து விடுவாரா மாமா?"

அவர் பதில் சொல்லவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் பிரேக் எண்ணெயை மாற்றினார்கள். தீய்ந்துபோன பிரேக் பேடுகளையும் மாற்றினார்கள். முதலாளிக்குப் போன் செய்து டிரைவரே நடந்ததைச் சொன்னார். சாவியைத் திருப்பிக் கொடுப்பது பற்றிப் பேசவில்லை.

அடுத்த வாரம் மறுபடி திருமலை. ஏறுவதற்கு 1970களில் போட்ட இரண்டாவது பாதை. இறங்குவதற்கு 1944-ல் திறந்த பழைய பாதை. அதில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதையில் இறங்கக் குறைந்தது 40 நிமிடம் எடுக்க வேண்டும் என்று தேவஸ்தானம் விதி வைத்தது. ஏறக்குறைய 19 கிலோமீட்டருக்கு 40 நிமிடம் என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர்கூட வராது. டிரைவர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். தாழ்ந்த கியருக்கு ஏற்ற வேகம்தான்.

மேலே வண்டியைக் கிளப்பும்போதே கம்பியை 2-க்கு இழுத்தார். முதல் இறக்கத்தில் இன்ஜின் சத்தம் உயர்ந்தது.

"என்னங்க, வண்டி இப்படி உறுமுது?" என்றார் பின்னால் இருந்தவர்.

"பிடிச்சிக்கிட்டு இறங்குதுங்க. அப்படித்தான் சத்தம் வரும்."

கூர்மையான வளைவுகளுக்கு எல். கொஞ்சம் நேரானால் மறுபடி 2. வளைவுக்கு முன் ஒரு அழுத்து, பிறகு விட்டுவிடுதல். அலிபிரியில் வண்டியை நிறுத்தி இறங்கினார். முன் சக்கரத்தின் அருகே புறங்கையைக் கொண்டுபோனார். தொடவில்லை. இதமான சூடு மட்டும் இருந்தது. நாற்றம் இல்லை.

கதவைச் சாத்திவிட்டு, கம்பியை 'டி'க்குத் தள்ளி, சித்தூர் சாலையில் வண்டியை விட்டார்.